ஏழாம் கட்டிலின் நாற்காலி

வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. அண்ணன் வைத்த ‘பம்பரம்’தான் நிலைத்தது. சாப்பிடும்போது தண்ணீர் எடுக்க எழுவாள், எடுத்ததும் ஜன்னல் வரை போவாள், அங்கிருந்து திரும்பும்போது எதற்காக எழுந்தோம் என்பதையே மறந்திருப்பாள். படிக்கும்போது அறைக்குள் நடப்பாள். துணி காயப்போட்டு நடக்க இடமில்லாமல் போனால், உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலால் தரையைத் தட்டுவாள். பள்ளியில் வாய்ப்பாட்டைக் கூட்டமாக ஒப்பித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். கால் தாளம் போட்டால்தான் அடுத்த சொல் வரும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் படியேறி வந்து, “ராத்திரியும் பகலும் தையல் ஆர்டரா எடுக்குறீங்க? மெஷின் சத்தம் நிக்கவே மாட்டேங்குதே” என்று கேட்டார். தையல் வேலை செய்பவள் அம்மாதான். ஆனால் அன்று மெஷின் பழுதாகி மூடிக் கிடந்தது.

“மெஷின் இல்ல சார், என் பொண்ணு” என்றாள் அம்மா.

அந்தப் பெண்ணுக்கு நர்ஸ் ஆக வேண்டும். நுழைவுத் தேர்வுக்கு அவள் பயப்படவில்லை. உடம்பில் இருக்கிற எலும்பு, நரம்பு எல்லாவற்றையும் தட்டித் தட்டியே மண்டையில் ஏற்றிவிட்டாள். இடித்தது வேறொரு நிபந்தனை. நோயாளிகளோடு நேரடியாக வேலை பார்த்தவள் என்று ஏதாவது ஒரு வார்டின் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது இல்லாமல் நேர்காணலுக்கே கூப்பிடமாட்டார்கள். ஆசையோடு சேர்ந்துவிட்டு, முதல் முறை நோயாளியின் பெட்பேனைக் கையில் கொடுத்ததும் ஓடிப்போகிறவர்கள் அதிகமாம். நர்சிங் பள்ளியின் எரிச்சலில் நியாயம் இருந்தது. ஆனால் வேலை எங்கே இருந்தது?

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “முன் அனுபவம்?”

“இல்ல சார். இங்க வந்தா கிடைக்கும்.”

“அனுபவம் இருந்தா வாங்கம்மா.”

“அந்த அனுபவத்தை எங்க சார் வாங்குறது?”

“அது இங்க விக்கிறதில்ல” என்றார் அவர், அடுத்த ஆளைப் பார்த்தபடி.

பல் மருத்துவர் ஒருவருக்குப் போன் எடுக்க ஆள் தேவைப்பட்டது. போனில் பல் தெரியாது என்பதால் அது கணக்கில் சேராது. முதியோர் இல்லத்தில் மேலாளர் அம்மாள் இவளுடைய ஒல்லியான தோளைப் பார்த்துவிட்டு, “இங்க எல்லாரையும் தூக்கி உட்கார வெக்கணும். எங்கே, என்னைத் தூக்கு பாப்போம்” என்றாள். அம்மாள் நல்ல உடம்புக்காரி. இவள் தூக்கியதென்னவோ தூக்கிவிட்டாள், இறக்கத்தான் தெரியவில்லை. இருவரும் மேஜைமேல் சாய்ந்து, மேஜையிலிருந்த பூந்தொட்டி சாய்ந்து, வேலையும் அத்தோடு சாய்ந்தது.

கடைசியில் வழி அண்ணன் மூலமாக வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் பார்க்கப் போன இடத்தில், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தான்.

“உனக்குன்னே ஒரு வேலை இருக்கு, பம்பரம். ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உட்கார்ந்திருக்கணும்.”

அம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “இவளா? உட்காரவா?”

அண்ணன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்படியொரு வேலை உண்டு. வயதான நோயாளிகள் சிலருக்கு, பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புத்தி கொஞ்ச நாள் தடம் மாறும். எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. எழுந்து நடக்கப் பார்ப்பார்கள், கையில் ஏறுகிற குழாயைப் பிடுங்குவார்கள், விழுவார்கள். அவர்கள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏஜென்சி வழியாக ஆள் எடுப்பார்கள். வேலைக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தாலும் வார்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. “ஏழுக்கு நாற்காலி வந்தாச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

“வீட்டுல இருக்குற நாற்காலி போதாதுன்னு நீ வேறயா?” என்றான் அண்ணன். ஆனால் முதல் நாள் அவனே வண்டியில் கொண்டுபோய் வாசலில் விட்டான்.

பொறுப்பு சிஸ்டர் நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்த, வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற பெண். கட்டிலைக் காட்டினாள், மணியைக் காட்டினாள்.

“கண்ணு அவர் மேல இருக்கணும். புத்தகம் கூடாது, போன் கூடாது. எழுந்திருக்கப் பாத்தா மணி அடி. நீயா தூக்காத, நீயா இழுக்காத. வாக்குவாதம் பண்ணாத. உனக்குக் கைமாத்த ஆள் வராம இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காத. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சிஸ்டர். வந்து... நர்சிங் பள்ளிக்கு ஒரு கையெழுத்து வேணும். விண்ணப்பம் வாங்குறது இந்த மாசத்தோட முடியுது.”

“உட்காரவே இல்ல, அதுக்குள்ள கையெழுத்தா? முதல்ல உட்காரு.”

உட்கார்ந்தாள்.

ஏழாம் கட்டிலில் இருந்தவர் எலும்பும் நீளமுமான மனிதர். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி. கண்ணை மூடியிருந்தார். சுவரில் ஒரு கடிகாரம், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் ஜன்னல். பார்க்க வேறெதுவும் இல்லை. கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிட்டது. எழ முடியாது, நடக்க முடியாது. புத்தகம்தானே கூடாது என்றார்கள், மனப்பாடத்துக்கு யார் தடை போட்டார்கள்? கண்ணை அவர்மேல் வைத்துக்கொண்டு மனதுக்குள் மணிக்கட்டு எலும்புகளிலிருந்து ஆரம்பித்தாள். ஸ்கேஃபாய்டு, லூனேட், ட்ரைக்வெட்ரல், பிசிஃபார்ம். மனம் லேசானது. நேரம் நகர்ந்தது.

பெரியவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளைத் தூக்கினார்.

“இரும்மா. நான் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்.”

“எங்கயும் போக வேணாம் ஐயா. படுங்க.”

“ஒரு நிமிஷம்தான். கேட்டுட்டு வந்துடறேன்.” ஒரு கால் கம்பிக்கு மேல் வந்துவிட்டது. மணியை அழுத்தினாள். இளைய நர்ஸ் ஓடிவந்து அவரைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டுப் போனாள்.

அவள் போன வேகத்திலேயே மறுபடி எழுந்தார். பிறகு மறுபடி. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இளைய நர்ஸுக்கு மூச்சு வாங்கியது. “நாற்காலி, உன் விரலை மணியோட ஒட்ட வெச்சுட்டாங்களா?”

மதியத்துக்குக் கைமாற்ற வந்தது பருத்த ஓர் அக்கா. வந்தாள், பையை மாட்டினாள், நாற்காலியில் இறங்கினாள். அதற்குப் பிறகு அந்த நாற்காலிக்கும் அவளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பெரியவர் தூங்கிப்போனார்.

மறுநாளும் இதே கதை. அதற்கு மறுநாளும். இவள் இருக்கும்வரை மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா வந்தால் வார்டே அமைதி.

“எப்படிக்கா உங்ககிட்ட மட்டும் தூங்குறார்? என்ன செய்றீங்க?”

“என்ன செய்றேன்? உட்கார்றேன்.”

“அது சரி. வேற?”

“வேற என்ன? நல்லா உட்கார்றேன்” என்று சொல்லிவிட்டு அக்கா கொட்டாவி விட்டாள்.

ஒரு வாரம் ஆனபோது பொறுப்பு சிஸ்டர் அவளைக் கதவோரம் கூப்பிட்டாள்.

“உன் ஷிஃப்டுல மட்டும் ஏன் இப்படி?”

“தெரியல சிஸ்டர்.”

“சீண்டுறியா அவரை?”

“ஐயோ, இல்ல சிஸ்டர்.”

“தூக்கமே இல்லாம காயம் எப்படி ஆறும்? பகல்ல கைக்கு உறை போட்டு, கட்டிலோட கட்டிடலாம்னு டாக்டர் சொல்றார். நாளைக்கு மகள் வருவாங்க, அவங்ககிட்ட கையெழுத்து வாங்கணும்.” அவளுக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினாள். “உன்னையும் ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பலாம்னு இருக்கேன். கோவிச்சுக்காத. எல்லாருக்கும் எல்லா வேலையும் வராது.”

திருப்பி அனுப்பினால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லையென்றால் இந்த வருடம் இல்லை. அடுத்த வருடமும் இதே வாசல்களில் இதே கேள்வியோடு ஏறி இறங்க வேண்டும். அன்று மாலை அவள் சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள்.

“தட்டையாவது ஓரிடத்துல வை” என்றாள் அம்மா.

“அவருக்கு என்னைப் பிடிக்கலம்மா. என் மூஞ்சியப் பாத்தாலே எழுந்து ஓடப் பாக்குறார்.”

“உன் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? நாங்க ஓடாம இத்தனை வருஷம் பாக்கலையா?” என்றான் அண்ணன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு குரலை இறக்கினான். “பம்பரம் சுத்தினாத்தான் நிக்கும். அதைக் கொண்டுபோய் நாற்காலியில வெச்சேனே, தப்பு என் மேலதான். விடு, வேற பாக்கலாம்.”

“வேற எங்கண்ணா பாக்குறது?” என்று கேட்டாள். அம்மா தைத்துக்கொண்டிருந்த விளிம்பைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பெரியவரின் மகள் வந்தாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் வந்தவள். ஒரு தோளில் பை, கண்ணில் தூக்கமின்மை. அப்பாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் இருந்தவள் பக்கம் திரும்பினாள்.

“உன்னைத்தான் ரொம்பப் படுத்துறாராமே. தப்பா நினைச்சுக்காதம்மா.”

“அதெல்லாம் இல்லக்கா. எங்கயோ போய்க் கேட்டுட்டு வரேன்னே சொல்றார். யாரைக் கேக்கணும்னு எனக்குத் தெரியல.”

மகள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. “இங்கயும் ஆரம்பிச்சுட்டாரா? அப்பா பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரா இருந்தவரு. யாராவது பொறுமையில்லாம நின்னா அவருக்கு ஆகாது. எந்த ஊருக்குப் போகணும்னு கேட்டு, இவரே டெப்போவுக்கு ஓடி, வண்டி கிளம்பிடுச்சான்னு விசாரிச்சுட்டு வந்து சொல்வாரு. சாப்பாடு ஆறிக் கெட்டுப் போகும். அம்மா திட்டாத நாளில்ல.” சிரிப்பு அணைந்தது. “அந்தக் கையைப் போய்க் கட்டணுமாம். கையெழுத்துப் போடத்தான் சிஸ்டர் கூப்பிட்டிருக்காங்க. போடலைன்னா விழுந்துடுவாருன்னு சொல்றாங்க. போட்டா... என்னத்தச் சொல்ல.”

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சிஸ்டரின் அறைக்குப் போனாள்.

இவள் நாற்காலியிலேயே இருந்தாள். இன்றோடு இந்த நாற்காலி முடிந்தது என்ற நினைப்பு விடவில்லை. நினைக்காமலிருக்க ஒரே வழிதான் அவளுக்குத் தெரியும். ஸ்கேஃபாய்டு, லூனேட்...

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

முகத்தைப் பார்ப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை கட்டிலின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. அது எங்கே போய் நிற்கிறது என்று அவளும் பார்த்தாள். அவளுடைய வலது செருப்பு கட்டிலின் சக்கரத்துக்கு மேலே ஓடும் இரும்புச் சட்டத்தில் பட்டிருந்தது. குதிகால் எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் கட்டில் கம்பியில் மாட்டியிருந்த தாங்கியில் நின்ற தண்ணீர்க் குவளையில் ஒரு சின்ன வளையம் விரிந்தது.

“இதோ வந்துடும்மா” என்றார் அவர், கம்பியைப் பிடித்தபடி. “நான் போய்க் கேட்டுட்டு...”

காலை நிறுத்தினாள்.

குவளையில் தண்ணீர் சமமானது. பெரியவர் கம்பியைப் பிடித்தபடியே அவள் காலைப் பார்த்திருந்தார். பிறகு பிடியை விட்டார். தலை தலையணையில் இறங்கியது.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே, மெதுவாக மூன்று தட்டுத் தட்டினாள். கண் திறந்தது. பார்வை காலுக்குப் போனது. கை கம்பிக்கு வந்தது. நிறுத்தினாள். கை இறங்கியது.

ஆக, இத்தனை நாளும் அவர் ஓடப் பார்த்தது அவளை விட்டல்ல. அவளுக்காகத்தான். எதிரே ஒரு பெண்பிள்ளை வண்டி வராமல் காலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உடைந்த இடுப்போடு, அவளுடைய வண்டியை விசாரித்துவர அந்த மனிதர் எழுந்திருந்தார்.

முதலில் வந்தது சந்தோஷம். இனிமேல் காலை அடக்கினால் போதும்; ஒருத்தருக்கும் தெரியாது; நாளையே வார்டு அமைதியாகிவிடும். அடுத்ததாக வந்தது கணக்கு. நாளை என்பது இல்லை. உள்ளே மகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சொன்னால் இப்போதே சொல்ல வேண்டும். சொன்னால், பார்த்துக்கொள்ளச் சொன்ன நேரத்தில் பரீட்சைக்குப் படித்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு மேல் எந்தச் சிஸ்டர் கையெழுத்துப் போடுவாள்?

எழுந்து ஓடலாமென்றால் நாற்காலியை விட்டு எழக் கூடாது. பெரியவரைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த அந்த நீளமான கையைப் பார்த்தாள். மணியை அழுத்தினாள்.

இந்த முறை பொறுப்பு சிஸ்டரே வந்தாள், பின்னால் மகள். “மறுபடியுமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தவள், நோயாளி படுத்திருப்பதைப் பார்த்து நின்றாள். “அவர் தூங்குறாரே. எதுக்கு மணி?”

“கட்ட வேணாம் சிஸ்டர். என் கால்தான்.”

“உன் காலுக்கு என்ன?”

“ஆட்டுறேன். தட்டுறேன். பஸ்ஸுக்கு நிக்கிறேன்னு நினைச்சு, வண்டி எப்போன்னு கேக்கத்தான் எழுந்திருக்கிறார். இப்பதான் கண்டுபிடிச்சேன்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம் ஒன்று விரல்களுக்கு நடுவே வந்தது.

சிஸ்டர் அசையவில்லை. “ஏன் தட்டுற?”

“மனப்பாடம் பண்றப்போ தட்டுவேன் சிஸ்டர்.”

“டூட்டியில மனப்பாடம்?”

“ஆமா.”

“எத்தனை நாளா?”

“வந்ததிலேர்ந்து.”

சிஸ்டர் நீளமாக அவளைப் பார்த்தாள். “கண்ணை மட்டும் அவர் மேல வெச்சிட்டு, மத்ததை எல்லாம் பள்ளிக்கு அனுப்பிட்ட. சரி. தட்டு பாப்போம்.”

தட்டினாள். நடந்ததை மூவரும் பார்த்தார்கள். சிஸ்டர் நிறுத்தச் சொன்னாள். அதையும் பார்த்தார்கள். பிறகு கையிலிருந்த சம்மதக் காகிதத்தை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். மகள் குனிந்து அப்பாவின் காதருகே, “உங்களைக் கட்டலப்பா” என்றாள். அவருக்கு அது கேட்டமாதிரி இல்லை.

“நான் ஏஜென்சிக்குப் போகணுமா சிஸ்டர்?”

“எதுக்கு? காரணம் தெரிஞ்ச நாற்காலியை அனுப்பிட்டு, தெரியாத நாற்காலியை வரவழைக்கவா?”

“அப்போ அந்தக் கையெழுத்து...”

“பாத்தியா, உட்கார்ந்துட்டே ஓடுற.” சிஸ்டரின் முகம் இளகவில்லை, ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியது. “இவர் நல்லாத் தூங்கி, தெளிஞ்சு, எழுந்து நடந்து வீட்டுக்குப் போற அன்னிக்குக் கையெழுத்து. அதுவரைக்கும் மனப்பாடம் கிடையாது.”

“எப்போ போவார் சிஸ்டர்?”

“அவரையே கேளு. டைம்கீப்பர் அவர்தானே.”

மகள் வேலைக்குப் போனாள். சிஸ்டரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்தது. விண்ணப்பம் முடிகிற நாளை நாற்காலியில் இருந்தவள் நினைத்தாள். உடனே முழங்கால் துடித்தது. வலது காலை நாற்காலியின் காலுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றிக்கொண்டாள். இடது காலால் அதை மிதித்துப் பிடித்தாள். எலும்புகளில் ஒன்றை நினைத்துப் பார்த்தாள். லூனேட்டுக்கு அடுத்தது வரவில்லை. தட்டினால் வந்துவிடும். தட்டவில்லை. வெறுமனே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கும்போது அவருடைய மேலுதடு லேசாகத் துடிப்பதும், இடது காதில் மருந்துப் பஞ்சின் இழை ஒன்று ஒட்டியிருப்பதும் இன்றுதான் அவள் கண்ணில் பட்டன.

மதியத்துக்குச் சற்று முன் அவர் விழித்தார். முதல் பார்வை அவள் காலுக்குத்தான் போனது. காலைக் காணவில்லை. முகத்துக்கு வந்தார்.

“எந்த வண்டிம்மா?”

வாக்குவாதம் கூடாது என்பது விதி. “கடைசி வண்டி ஐயா.”

சுவர்க் கடிகாரத்தை நிதானமாகப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். “அப்போ நிறைய நேரம் இருக்கு. எதுக்கு விறைப்பா உட்கார்ந்திருக்க? சாஞ்சு உட்காரு.”

“சரிங்க ஐயா.”

சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் மேலுதடு துடிக்க ஆரம்பித்தது.

கைமாற்ற வந்த அக்கா பையோடு வாசலில் நின்று, கட்டிலைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். “அட, உட்கார்ந்திருக்கியே” என்றாள் தணிந்த குரலில். “எழுந்திரு, நேரமாச்சு.”

“கொஞ்சம் இருங்கக்கா” என்று அவளும் தணிந்த குரலில் சொன்னாள். “கால் மரத்துப்போச்சு. இப்ப எடுத்தா நாற்காலி சத்தம் போடும்.”

அக்கா பையை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றாள்.